பயர்பிளேஸ் மேல் டிவி மாட்டிய சட்டச் சுவர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

டொராண்டோ பக்கம் நவம்பரில் முதல் கடுங்குளிர் வந்ததும் எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கும். "கோடையில் கட்டின சுவர் அண்ணா, அப்போ நல்லாத்தான் இருந்தது. பயர்பிளேஸைப் போட்ட பிறகுதான்..." என்று ஆரம்பிப்பார்கள். மரச்சட்டம் அடித்து முன்னுக்கு இழுத்த சுவர், கீழே பயர்பிளேஸ், மேலே டிவி, சுற்றிலும் டிரிம் (ஓரத்தில் அடிக்கும் அலங்காரப் பலகை). இந்த ஊர் வீடுகளில் பலரும் ஆசைப்பட்டுக் கட்டும் சுவர் இது. நானும் நிறைய கட்டியிருக்கிறேன். மற்றவர்கள் கட்டியதை அதைவிட அதிகமாகப் பழுது பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளையும், செலவில்லாத காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை நான் தேடும் வரிசையையும் இங்கே எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

கேஸ் வாடை (அழுகிய முட்டை வாடை) வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கோ 911க்கோ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதேதான். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து அலாரத்தைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம், உங்களுடையது கேஸா, மின்சாரமா, விறகா என்று பார்த்து மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் பயர்பிளேஸில் கீழ்க் கம்பித் தட்டியைத் திறந்தால் உலோகத் தகடு ஒன்று தெரியும், அல்லது சங்கிலியில் தொங்கும். மாடல் எண் அதில் இருக்கும். அதை வைத்துத் தேடினால் தயாரிப்பாளரின் கையேடு பெரும்பாலும் கிடைத்துவிடும். எரியக்கூடிய பொருள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், மேன்டில் (பயர்பிளேஸுக்கு மேல் அலமாரி மாதிரி முன்னால் நீளும் பலகை) எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். கீழே நான் சொல்வது எதுவும் அந்தக் கையேட்டோடு முரண்பட்டால் கையேடு சொல்வதுதான் சரி.

## டிவி சூடாகிறது, அல்லது தானாக அணைகிறது

என்னிடம் வரும் புகார்களில் அதிகம் இதுதான். பலர் டிவியைக் குறை சொல்லி வேறு டிவி வாங்கியே விடுகிறார்கள். மிசிசாகாவில் ஒரு வீட்டில் இரண்டாவது டிவியும் அதே மாதிரி அணைந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அந்த வீட்டு அம்மா, "தம்பி, அடுப்புக்கு மேல மாட்டினா அது வேகாதா?" என்று கேட்டார். அந்த வீட்டில் கோளாறு சரியாக அதுதான்.

முதலில் அளந்து பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. சமையலறையில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும், வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் போதும். அதன் முனையை டிவியின் கீழ் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே பெயிண்டர் டேப்பால் ஒட்டுங்கள். முனை சுவரில் படாமல் காற்றில் நிற்கட்டும். டிவியை அணைத்துவிட்டு பயர்பிளேஸை முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை எண்ணைக் குறியுங்கள். பிறகு முனையை டிவியின் பின்புறம் மேல் பகுதிக்கு மாற்றி, இன்னொரு நாள் டிவியையும் ஓடவிட்டு அளவெடுங்கள். பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் சுற்றியுள்ள காற்று 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். உங்களுடையதையும் பாருங்கள்.

*கீழே 35க்குள், பின்னால் மட்டும் 40க்கு மேல் என்றால்:* சூடு டிவியுடையதுதான், வெளியே போக வழி இல்லாமல் தேங்குகிறது. சுவருக்குள் பள்ளமாக மாடம் அமைத்து அதில் டிவியை இறுக்கிப் பொருத்தியிருந்தால் இதுதான் காரணம். முதலில் தூசியை எடுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். இவை இரண்டும் இலவசம். போதவில்லையென்றால் பிராக்கெட்டில் டிவியை ஓர் அங்குலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மாடத்தைப் பெரிதாக்க வேண்டும். நான் பக்கங்களில் 2 அங்குலமும் மேலே 3 அங்குலமும் இடம் விடுவேன்.

*கீழேயே 40ஐத் தாண்டுகிறது என்றால்:* நெருப்பின் சூடு நேராக டிவிக்கு ஏறுகிறது. மின்சாரப் பயர்பிளேஸாக இருந்தால் வெப்பக்காற்று எந்தப் பக்கம் வெளிவருகிறது என்று பாருங்கள். சில மாடல்களில் முன்பக்கம் மேல் விளிம்பிலிருந்து வரும், அது டிவிக்கு ஆகாது. முன்னோக்கியோ கீழ்ப்புறமாகவோ ஊதும் மாடலாக மாற்றுவதுதான் தீர்வு. அதுவரை வெப்பத்தை அணைத்துவிட்டு ஜுவாலையை (அது வெறும் விளக்குக் காட்சிதான்) மட்டும் ஓடவிடலாம்.

கேஸ் என்றால் அடுத்த கேள்வி மேன்டில். 6 முதல் 8 அங்குலம் முன்னால் நீளும் மேன்டில் பலகை சூட்டை அறைப் பக்கம் திருப்பிவிடும். ஆனால் கையேட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம் இருக்கும். பலகை முன்னால் நீள நீள, திறப்பிலிருந்து அது இன்னும் மேலே ஏற வேண்டும். 4 அங்குல மேன்டிலுக்குச் சரியான உயரத்தில் 8 அங்குலப் பலகையை வைத்தால் டிவி பிழைக்கும், பலகை கருகும். பலகையை வாங்குவதற்கு முன்பே இந்த வரைபடத்தைப் பாருங்கள்.

மிசிசாகா வீட்டில் கீழே 47 டிகிரி காட்டியது. மேன்டிலே இல்லை, மாடமும் டிவியைப் பிடித்து வைத்தாற்போல இருந்தது. மாடத்தைப் பெரிதாக்கி, கையேடு சொன்ன உயரத்தில் மேன்டில் வைத்த பிறகு 36. அதே டிவிதான் இன்றும் ஓடுகிறது.

*மேன்டில் இருந்தும் குறையவில்லை, டிவிக்குப் பின்னால் சுவரே சுடுகிறது என்றால்:* சட்டங்களுக்கு நடுவில் உள்ள கூட்டுக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கிறது. சில கேஸ் மாடல்களுக்குக் கூட்டின் மேல்பக்கம் காற்றுத் திறப்பு வைப்பது கட்டாயம். அழகுக்காக அதை டிரைவாலால் (சுவருக்குப் போடும் ஜிப்சம் பலகை) மூடியிருப்பார்கள். கூட்டின் மேல்பகுதியில் திறப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கையேட்டில் அது கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேலை உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியனுக்கு உரியது. ஒன்டாரியோவில் அந்த உரிமம் கொடுப்பது டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு ஆணையம். ஆள் வந்ததும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை.

விறகு எரிக்கும் கணப்பாக இருந்தால் நான் டிவி மாட்டித் தருவதில்லை. அதன் சூடு ஒரு நிலையில் நிற்காது.

## சுவரில் விரிசல்

விரிசல் எங்கே ஓடுகிறது என்பதே பாதி விடை. பென்சிலால் அதன் இரு முனைகளிலும் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். தாண்டாத விரிசலுக்காகச் சுவரை உடைக்க வேண்டாம்.

டிரிம் மூலையில், 45 டிகிரி வெட்டுச் சேரும் இடத்தில். ஒரு வங்கி அட்டை நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கூட இறங்கும். மரமும் எம்டிஎஃப்பும் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) சுருங்கும். பத்து டாலர் அளவில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வையுங்கள். 30க்குக் கீழே இருந்தால் ஹியூமிடிஃபயரை 35 பக்கம் வைத்து இரண்டு வாரம் பொறுங்கள். ஜன்னலில் நீர் வழிய ஆரம்பித்தால் கொஞ்சம் குறையுங்கள். சில மூலைகள் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாத இடத்தில் பெயிண்ட் அடிக்கக்கூடிய, வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் காக்கிங்கை (இடைவெளி அடைக்கும் பசை) நிரப்புங்கள். கடினமாகக் காயும் வுட் ஃபில்லரை வைத்து அடைக்காதீர்கள். கோடையில் மரம் ஊதும்போது அது பிதுங்கி வரும்.

கூரையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும். மேலே டிரஸ் (முக்கோணமாகக் கோத்த மரச்சட்டம்) கூரை உள்ள வீடுகளில் குளிர்காலத்தில் டிரஸ் மேலே வளையும், வெயில் வந்ததும் இறங்கும். பயர்பிளேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேல் டிரிமைக் கூரையோடு மட்டும் ஆணியடித்து, சுவரோடு அடிக்காமல் விட்டால் அது சுவரில் வழுக்கி ஏறி இறங்கும், விரிசல் தெரியாது.

டிவி மாடத்தின் மூலையிலிருந்து சாய்வாக அல்லது நேர்கோடாக. டிரைவால் இரண்டு துண்டு சேரும் கோடு திறப்பின் மூலைக்கே வந்து நிற்கும்படி போட்டிருப்பார்கள். முழுப் பலகையை மூலையைச் சுற்றி வெட்டிப் போட்டிருக்க வேண்டும். மேலே பட்டி பூசினால் அடுத்த குளிரில் திரும்ப வரும். விரிசலை வி வடிவில் கீறித் திறந்து, தண்ணீரில் குழைத்துக் கெட்டியாகும் கலவையும் பேப்பர் டேப்பும் போட்டு, மூன்று பூச்சு கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் துண்டையே மாற்ற வேண்டும்.

பயர்பிளேஸ் திறப்பைச் சுற்றி, அதோடு டேப் பழுப்பாகி உரிகிறது. இதை மட்டும் நீங்களே பட்டி பார்த்து மூடாதீர்கள். திறப்பை ஒட்டிய பகுதியில் சிமென்ட் போர்டு மாதிரி எரியாத பலகையும், பல மாடல்களில் இரும்புச் சட்டமும் வேண்டும். பல கையேடுகளில் சாதாரண டிரைவால் கூட அதன் காகித முகத்துக்காக எரியக்கூடிய பொருளாகவே கணக்கு. ஒருமுறை இப்படி உரிந்த டேப்பை இழுத்தபோது உள்ளே இருந்த 2க்கு 4 மரச்சட்டம் ஓரத்தில் காபித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நாள்பட்ட சூட்டில் காய்ந்த மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். பயர்பிளேஸை நிறுத்துங்கள், கேஸ் வால்வை மூடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். சுவரைத் திறக்காமல் இதற்கு வழியே இல்லை. செலவு அதிகம்தான், ஆனால் தள்ளிப்போடும் வேலை அல்ல இது.

## திறப்புக்கு மேல் கறுப்போ பழுப்போ படிகிறது

ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடையுங்கள்.

துணியில் கறுப்பு வந்தால் புகைக்கரி. மேன்டிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்களா? ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். இல்லையென்றால், கேஸ் சரியாக எரியவில்லை. சுத்தம் செய்யும்போது செயற்கை விறகுக் கட்டை இடம் மாறி ஜுவாலையில் முட்டினாலும், கண்ணாடியைச் சுற்றிய கேஸ்கெட் தேய்ந்தாலும் இப்படி ஆகும். கண்ணாடியின் உள்பக்கம் கரி படிவதும் அதே அறிகுறி. அணைத்துவிட்டுக் கேஸ் டெக்னீஷியனை அழையுங்கள். கட்டையை நீங்களே நகர்த்திப் பார்க்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் இடம் குறித்திருக்கிறது.

துணியில் எதுவும் வராமல் சுவரே பழுத்திருந்தால் பெயிண்ட் கருகுகிறது. மேலே சொன்ன திறப்போர விரிசலுக்கு உள்ள அதே நடவடிக்கை.

புதுப் பயர்பிளேஸ் முதல் சில மணி நேரம் வாடை விடுவது சகஜம். உள்ளே பூசிய பெயிண்டும் எண்ணெயும் காய்கின்றன. ஜன்னலைத் திறந்துவைத்து எரியவிடுங்கள். இரண்டாவது வாரமும் வாடை வந்தால் அது சகஜம் அல்ல.

## டிவி ஆடுகிறது, ஒரு பக்கம் சாய்கிறது

முதலில் டிவியின் மேல் ரசமட்டத்தை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு டிவியைத் தொடாமல், பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் அழுத்துங்கள்.

*சுவர் அசையவில்லை, டிவி மட்டும் ஆடுகிறது:* பெரும்பாலும் பிராக்கெட்டின் கீழ்ப் பூட்டு விழவில்லை, அல்லது சாய்வைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை. டிவியின் முதுகில் போகும் எம்6 அல்லது எம்8 போல்ட்டுகளையும் கையால் திருகிப் பாருங்கள். வேறு நீளப் போல்ட்டைப் போட்டு உள்ளே இறுக்க முயலாதீர்கள், திரை உடையும்.

*பிராக்கெட்டே சுவரிலிருந்து இடைவெளி விட்டு நிற்கிறது:* டிவியை இன்றைக்கே கழற்றி வையுங்கள், இரண்டு பேராக. 65 அங்குல டிவி 20 கிலோ பக்கம் இருக்கும். கீழே நெருப்பும் குழந்தைகளும் இருக்கும் இடம் அது. கழற்றிய பிறகு ஒரு வலுவான காந்தத்தைச் சுவரில் மேலிருந்து கீழே இழுங்கள். இடைவெளி விட்டு விட்டு ஒட்டினால் அது ஸ்க்ரூ தலை, உள்ளே மரச்சட்டம். விடாமல் ஒரே கோடாக ஒட்டினால் இரும்புச் சட்டம்.

மரச்சட்டம் என்றால்: அதன் அகலம் 1½ அங்குலம்தான், நடுவில் போல்ட் போயிருக்க வேண்டும். சட்டங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. சட்டச் சுவரில் இன்னொரு சிக்கல், டிரைவாலுக்கு மேல் பலகையோ கல்லோ ஒட்டியிருந்தால் பெட்டியில் வந்த போல்ட் நீளம் போதாது. மரத்துக்குள் மட்டும் 2 அங்குலம் போக வேண்டும் என்பது என் கணக்கு. போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை நைந்துவிட்டது. குச்சி செருகி இறுக்காதீர்கள். பிராக்கெட்டை இரண்டு அங்குலம் மேலே நகர்த்திப் புது ஓட்டை போடுங்கள்.

இரும்புச் சட்டம் என்றால்: மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ நிற்காது. டிரைவாலைத் திறந்து, கையேடு அனுமதிக்கும் உயரத்துக்கு மேல், சட்டங்களுக்கு நடுவில் ¾ அங்குலப் பிளைவுட் கொடுத்து அதில் மாட்டுவதுதான் நான் நம்பும் வழி. கைநீட்டி இழுக்கும் பிராக்கெட் என்றால் இதில் சமரசமே கிடையாது. நீட்டும்போது சுவரின் மேல் இழுப்பு பல மடங்காகும்.

*சுவரே அசைகிறது:* முன்னுக்கு இழுத்த சட்டக் கூடு தரையோடும் கூரை உத்தரத்தோடும் சரியாகப் பிடிபடவில்லை. கட்டியவரையோ நல்ல தச்சரையோ கூப்பிடுங்கள்.

## பிரேக்கர் விழுகிறது

மின்சாரப் பயர்பிளேஸ் பெரும்பாலும் 1500 வாட். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். பிரேக்கர் 15 ஆம்பியர். டிவியும் சவுண்ட்பாரும் சேர்ந்தால் 14 பக்கம் போகும். அதே லைனில் யாராவது வேக்யூம் கிளீனரைப் போட்டால் விழும். இதில் பிரேக்கர்மேல் தவறில்லை.

சோதனை எளிது. வெப்பத்தை அணைத்து ஜுவாலையை மட்டும் ஓடவிடுங்கள். அப்போது விழவில்லையென்றால் சுமைதான் காரணம், பயர்பிளேஸுக்குத் தனி லைன் வேண்டும். வெப்பம் இல்லாமலும் விழுந்தால், மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். குற்றவாளி பிடிபடும். எதுவும் செருகாமலே விழுந்தால் சுவருக்குள் வயரிலோ பிரேக்கரிலோ கோளாறு. டிரிம் ஆணி வயரில் ஏறியிருப்பதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன்.

பிளக் சுடுகிறதா, அவுட்லெட் பழுப்பாகியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் இதை ஓட்டவே கூடாது. டிவியின் பவர் வயரைச் சுவருக்குள் விட்டு இறக்கியிருந்தால் அதுவும் தவறு. சாதாரண வயருக்குச் சுவருக்குள் போக அனுமதி இல்லை, டிவிக்குப் பின்னால் தனி அவுட்லெட் வேண்டும். ஒன்டாரியோவில் கூலிக்கு இந்த வேலையைச் செய்பவர் உரிமம் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராக இருக்க வேண்டும், இஎஸ்ஏ என்ற மின் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும்போதும் காப்பீட்டிலும் அது தேவைப்படும்.

## படம் விட்டுவிட்டு வருகிறது, ரிமோட் வேலை செய்யவில்லை

எச்டிஎம்ஐ வயரின் இரு முனையையும் கழற்றிச் செருகுங்கள். பிறகு ஒரு குட்டை வயரை நேராக மாட்டிப் பாருங்கள். அதில் படம் நன்றாக வந்தால் சுவருக்குள் இருக்கும் வயர்தான் காரணம். நீளமான, விலை குறைந்த வயர் 4கே படத்தைத் தாங்குவதில்லை. ஒளியிழை வயராக மாற்றினால் அதில் அம்புக்குறி இருக்கும், டிவிப் பக்கமுள்ள முனை டிவிக்குத்தான் போக வேண்டும். தலைகீழாக மாட்டினால் எதுவும் வராது. சுவருக்குள் போகும் வயரின் உறையில் எஃப்டி4 (தீ பரவல் சோதனைக் குறி) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

நெருப்பு எரியும்போது மட்டும் ரிமோட் மக்கர் செய்கிறதா? ஜுவாலையும் அகச்சிவப்புக் கதிரை விடுகிறது, டிவியின் கண் குழம்பும். புளூடூத் ரிமோட்டுக்கு மாறினால் தீர்ந்தது.

## டிவிக்குப் பின்னாலிருந்து குளிர்காற்று

வெளிச்சுவரில் கட்டிய கூடுகளில் வரும். டிவி அவுட்லெட் பெட்டியின் அருகே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை ஒடிந்து அறைக்குள் தள்ளினால் உள்ளே இன்சுலேஷனோ பிளாஸ்டிக் தடுப்புத் தாளோ விட்டுப்போயிருக்கிறது. அவுட்லெட் மூடிக்குப் பின்னால் ஃபோம் கேஸ்கெட் வைப்பது சில டாலர் வேலை. பிரேக்கரை அணைத்துவிட்டு வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கூட்டைத் திறக்க வேண்டும். கேஸ் பயர்பிளேஸுக்குப் பின்னால் கண்டபடி இன்சுலேஷன் திணிக்கக் கூடாது. அதற்கும் இடைவெளி கணக்கு உண்டு.

## கழுத்து வலி

உட்கார்ந்தால் கண் உயரம் தரையிலிருந்து 42 அங்குலம் பக்கம் வரும். இந்தச் சுவரில் டிவியின் நடு 60க்கு மேல் போய்விடும். முதலில் டிவியைக் கீழ்நோக்கிச் சாயுங்கள், பிறகு சோபாவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் கீழே இறக்கும் பிராக்கெட் வாங்கலாம். ஆனால் நெருப்பு எரியும்போது அதை இறக்கவே கூடாது.

## ஆள் வருவதற்கு முன்

டிரைவால் மூடும் முன் எடுத்த படங்கள் இருந்தால் தேடி வையுங்கள். சட்டம் எங்கே, வயர் எங்கே, கேஸ் குழாய் எங்கே என்று அதில் தெரிந்தால் பாதிச் சுவரை உடைக்காமல் தப்பலாம். இனிமேல் கட்டப்போகிறவர்கள், அளவு நாடாவைத் தரையிலிருந்து மேலே நீட்டிவைத்து, அது படத்தில் விழும்படி ஒவ்வொரு சட்டத்தையும் எடுங்கள். தெர்மாமீட்டர் எண்களும் தேதி போட்ட பென்சில் கோடுகளும் அந்தப் படங்களோடு ஒரே உறையில் இருக்கட்டும். உறையைப் பயர்பிளேஸ் கையேட்டோடு சேர்த்து வையுங்கள்.